தகப்பனுக்கு 40, மகனுக்கு 42: வேத வசனங்கள் மோதும் இடங்கள்

யூதா நாட்டு யோராம் ராஜாவாகும்போது அவனுக்கு வயது 32. எட்டு வருஷம் ஆண்டான், குடல் நோய் கண்டு செத்தான். ஆக, சாகும்போது 40. பைபிளில் இரண்டாம் நாளாகமம் என்ற புத்தகத்தின் 21ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அவன் மகன் அகசியா அரியணை ஏறுகிறான். வயது 42. தகப்பனைவிட மகன் இரண்டு வயது மூத்தவன்! இத்தனைக்கும் அவன் வீட்டுக்குக் கடைக்குட்டி. அண்ணன்மார் எல்லாரையும் ஒரு கொள்ளைக்கூட்டம் கொன்றுபோட்டதால்தான் அவனுக்கு முறை வந்தது என்று முந்தின வசனமே சொல்லிவிடுகிறது.

இதே அகசியாவை இரண்டாம் இராஜாக்கள் 8:26-இல் பார்த்தால் வயது 22. அது கணக்குக்கு ஒத்துவருகிறது.

இந்த மாதிரி இடங்களை வைத்து நடக்கும் சண்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் நாற்பது முரண்பாடுகளை வரிசையாக அடுக்கி, "பார், எல்லாம் பொய்" என்பார். இன்னொருவர் நாற்பதுக்கும் பதில் எழுதி, "பார், ஒன்றுகூட முரண் இல்லை" என்பார். எனக்கு இரண்டு பட்டியல்களிலும் ஒரே குறைதான் படுகிறது. ஏடு எழுதியவன் கைதவறிப் போட்ட எண்ணையும், ஓர் ஆசிரியர் யோசித்து மாற்றி எழுதிய வாக்கியத்தையும் ஒரே கூடையில் போடுகிறார்கள். இந்த முரண் எந்த வகை என்று கேட்ட பிறகுதான் அதற்குப் பதில் உண்டா இல்லையா என்ற பேச்சே வரவேண்டும்.

வகை பிரிக்கும் வேலை புதிதல்ல. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயராக இருந்த அகஸ்டின், கி.பி. 405 வாக்கில் பெத்லகேமில் இருந்த வேத அறிஞர் ஜெரோமுக்கு ஒரு கடிதம் எழுதினார். வேதத்தில் உண்மைக்கு மாறாகத் தெரியும் ஏதாவது கண்ணில் பட்டால் தான் மூன்று காரணங்களில் ஒன்றைத்தான் நினைப்பேன் என்கிறார் அதில். பிரதியில் பிழை இருக்கலாம். மொழிபெயர்த்தவர் மூலத்தைச் சரியாகப் பிடிக்காமல் போயிருக்கலாம். அல்லது எனக்குப் புரியாமல் இருக்கலாம். இந்த மூன்றும் இன்றைக்கும் நல்ல சல்லடைதான். ஆனால் நான்காவது ஒன்று தேவைப்படுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அகசியா. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்ற பழமொழி உள்ள ஊரில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாளாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் 20 என்றும், சிரியாக் மொழிபெயர்ப்பில் 22 என்றும் இருக்கிறது. எபிரேயத்தில்தான் 42. எபிரேயர்கள் எழுத்துகளையே எண்களாகவும் பயன்படுத்தியவர்கள்; 20-க்கான எழுத்தும் 40-க்கான எழுத்தும் பழைய வரிவடிவத்தில் ஒன்றோடொன்று குழம்பக்கூடியவை, அதில் வந்த வினை இது என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் கைக்கு வந்திருக்கும் பிரதிகளில் எண்கள் சொற்களாகவே எழுதப்பட்டிருப்பதால் அதை உறுதியென்று சொல்ல முடியாது.

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது வேறு. எபிரேய வேதத்தை நமக்குக் காத்துக் கொடுத்தவர்கள் மசோரெத்துகள் எனப்படும் ஏடெழுதும் அறிஞர்கள். எழுத்து எழுத்தாக எண்ணிப் பார்த்துப் படியெடுத்தவர்கள். முழுமையாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எபிரேயப் பிரதியான லெனின்கிராட் சுவடி கி.பி. 1008 வாக்கில் எழுதப்பட்டது. முப்பத்திரண்டையும் எட்டையும் கூட்டத் தெரியாதவர்களா அவர்கள்? தெரியும். திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. 42 என்பது வயதே அல்ல, அகசியாவின் தாய்வழிப் பாட்டன் குலமான ஒம்ரியின் வம்சம் தொடங்கியதிலிருந்து எண்ணிய வருஷக் கணக்கு என்று ஒரு பழைய யூத விளக்கம் இருக்கிறது. விளக்கம் ஓரத்தில் இருக்கட்டும், ஏட்டில் உள்ளது ஏட்டில் இருக்கட்டும் என்ற மனப்பான்மை அது. தமிழ் வேதாகமத்திலும் அந்த 42 அப்படியே நிற்கிறது.

அகசியாவை விட்டுப் போவதற்கு முன் இன்னொன்று. அவன் பட்டத்துக்கு வந்தது பக்கத்து நாடான இஸ்ரவேலின் ராஜா ஆண்ட பன்னிரண்டாம் வருஷத்தில் என்கிறது இரண்டாம் இராஜாக்கள் 8:25. அதே புத்தகம் 9:29-இல் பதினோராம் வருஷம் என்கிறது. இது ஏடெழுதியவன் பிழையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களிடம் வயது கேட்டால், "நாற்பது முடிந்து நாற்பத்தொன்று நடக்கிறது" என்பார்கள். முடிந்ததைச் சொன்னால் 40, நடப்பைச் சொன்னால் 41. இரண்டும் பொய் இல்லை. பழைய அரசுகளிலும் இந்த இரண்டு வழக்கங்கள் இருந்தன. ராஜா பட்டம் ஏறிய அந்தக் குறை வருஷத்தையே முதல் வருஷமாக எண்ணுவது ஒன்று. அதைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த புத்தாண்டிலிருந்து எண்ணுவது மற்றொன்று. யூதா, இஸ்ரவேல் ராஜாக்களின் காலக்கணக்கில் பல தலைமுறைகளாகத் தலையைச் சுற்றவைத்த எண்களில் பெரும்பகுதியை எட்வின் தீலே என்ற அறிஞர் 1951-இல் வெளியிட்ட ஆய்வில் இதுபோன்ற வழக்க வேறுபாடுகளை வைத்தே அவிழ்த்துக் காட்டினார். அவர் முடிச்சு அவிழ்த்த விதம் எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் அடிப்படை நிற்கிறது: எண் மோதினால், இரண்டு பேரும் எங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சரி, எண் கணக்கோடு இது முடிந்துவிட்டால் எழுதவே வேண்டியதில்லை. இப்போது உண்மையிலேயே கனமான ஓர் இடத்துக்கு வருவோம். தாவீது ராஜா ஜனங்களை எண்ணிக் கணக்கெடுத்த கதை. இரண்டாம் சாமுவேல் 24-இலும் முதலாம் நாளாகமம் 21-இலும் ஒரே சம்பவம் இருமுறை வருகிறது. தாவீது கணக்கெடுக்கச் சொல்கிறான், சேனாபதி யோவாப் வேண்டாம் என்கிறான், ராஜா கேட்கவில்லை. கணக்கு முடிந்ததும் மனம் குத்துகிறது. காத் என்ற தீர்க்கதரிசி வந்து மூன்று தண்டனைகளை முன்வைக்கிறார். கொள்ளைநோய் வருகிறது, எழுபதாயிரம் பேர் சாகிறார்கள். எருசலேமில் ஒருவனுடைய போரடிக்கும் களத்தை விலைக்கு வாங்கி அங்கே தாவீது பலிபீடம் கட்டுகிறான், நோய் நிற்கிறது.

கதை ஒன்றுதான். விவரங்கள்தான் இடறுகின்றன. சாமுவேலில் இஸ்ரவேலில் எட்டு லட்சம் வீரர், யூதாவில் ஐந்து லட்சம். நாளாகமத்தில் பதினொரு லட்சமும் நாலு லட்சத்து எழுபதாயிரமும். சாமுவேலில் காத் சொல்லும் பஞ்சம் ஏழு வருஷம், நாளாகமத்தில் மூன்று. சாமுவேலில் களத்துக்காரன் அர்வனா, விலை 50 சேக்கல் வெள்ளி. நாளாகமத்தில் ஒர்னான், விலை 600 சேக்கல் பொன். எல்லாவற்றுக்கும் மேலாக, தாவீதை இந்தக் காரியத்துக்கு ஏவியது யார்? சாமுவேலில் கர்த்தர். நாளாகமத்தில் சாத்தான்.

பஞ்சத்தில் தொடங்கலாம், ஏனென்றால் அது எளிது. காத் தரும் மூன்று தண்டனைகளில் மற்ற இரண்டு, எதிரிகளுக்கு முன் மூன்று மாதம் ஓடுவது, மூன்று நாள் கொள்ளைநோய். மூன்று, மூன்று என்று வரும் அடுக்கில் ஏழு மட்டும் தாளம் தப்புகிறது. சாமுவேலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் மூன்று என்றுதான் இருக்கிறது. ஆக, மூலத்திலும் மூன்று இருந்து எபிரேயப் பிரதியில் மாறியிருக்கலாம். இல்லை, கிரேக்கத்தில் பெயர்த்தவர் நாளாகமத்தைப் பார்த்துத் தானே சரிக்கட்டினார் என்றும் வாதிடலாம். முன்பு வந்துபோன மூன்று வருஷப் பஞ்சத்தையும் நடப்பு வருஷத்தையும் இனி வரப்போகும் மூன்றையும் கூட்டினால் ஏழு என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கூட்டல் எனக்கு ஒட்டவில்லை.

கூட்டல் என்றதும் நினைவுக்கு வருகிறது: எட்டு லட்சத்துக்கும் பதினொரு லட்சத்துக்கும் உள்ள இடைவெளியையும் இப்படி நிரப்பியிருக்கிறார்கள். நாளாகமம் 27ஆம் அதிகாரத்தில், மாதத்துக்கு 24 ஆயிரம் பேராகப் பன்னிரண்டு மாதமும் முறைவைத்துச் சேவை செய்யும் படை ஒன்று வருகிறது. மொத்தம் 2 லட்சத்து 88 ஆயிரம். சாமுவேல் இவர்களை விட்டுவிட்டது, நாளாகமம் சேர்த்துக்கொண்டது என்பது விளக்கம். கூட்டிப் பாருங்கள், 10 லட்சத்து 88 ஆயிரம். பதினொரு லட்சத்துக்கு இன்னும் 12 ஆயிரம் குறைகிறது. முழு எண்ணாகச் சொன்னார்கள் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அப்படி ஒரு கூட்டல் நடந்ததாக இரண்டு புத்தகங்களிலும் ஒரு சொல்கூட இல்லை. விடை கிடைக்கும்வரை எண்களைத் தேடிப்பிடித்துக் கூட்டினால் எந்தக் கணக்கும் சரியாகத்தான் வரும்.

களத்தின் விலைக்கு யூத வேத ஆசிரியர்களான ரபீக்கள் சொன்ன விடை இதைவிட அழகானது. கோத்திரத்துக்கு 50 வீதம் பன்னிரண்டு கோத்திரத்திடமும் வாங்கினால் 600. கணக்கு கச்சிதம். அதோடு, ஆலயம் எழும்பப் போகும் நிலத்தில் எல்லாக் கோத்திரத்துக்கும் பங்கு உண்டு என்ற கருத்தும் அதற்குள் வந்துவிடுகிறது. இதை வரலாறாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். ஆனால் நாளாகமம் எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பதை அந்த ரபீக்கள் சரியாக மோப்பம் பிடித்திருக்கிறார்கள்.

இங்கேதான் அகஸ்டினின் பட்டியலில் இல்லாத நான்காவது காரணம் வருகிறது. பிரதியும் சரி, மொழிபெயர்ப்பும் சரி, எனக்குப் புரிந்ததும் சரி. ஆசிரியர் வேண்டுமென்றேதான் வேறு மாதிரி எழுதினார்.

நாளாகமம் எழுதப்பட்டது எப்போது? யூதர் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போயிருந்த காலத்துக்குப் பிறகு, பாரசீக ஆட்சியில். கி.மு. நாலாம் நூற்றாண்டு என்பது பெரும்பாலோர் கணிப்பு. அந்தப் புத்தகமே தடயம் விட்டு வைத்திருக்கிறது. தாவீதின் காலத்தில் ஆலயத்துக்குக் கொடுத்த காணிக்கையை அது "தாரிக்" என்ற காசில் கணக்கிடுகிறது. அது தாரியு மன்னன் வெளியிட்ட பாரசீகப் பொற்காசு. தாவீதுக்கு ஏறக்குறைய ஐநூறு வருஷம் பிந்தியது. சாமுவேல் புத்தகம் தன் கையில் இருக்க, அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து, சிலதை விட்டு, சிலதைச் சேர்த்துத்தான் இந்த ஆசிரியர் எழுதுகிறார். அவர் எதை விட்டார் என்று பாருங்கள். தாவீது பத்சேபாளை அழைத்துக்கொண்டது, அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் சாகவைத்தது, மொத்தமும் காணோம். தாவீது எருசலேமில் இருந்துவிட்டான் என்ற முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, நேராகப் போரின் முடிவுக்குத் தாண்டிவிடுகிறார்.

அப்படித் தாவீதின் கறைகளைத் துடைத்தவர், ஜனத்தொகைக் கணக்கெடுப்பு என்ற இந்தக் கறையை மட்டும் ஏன் வைத்துக்கொண்டார்? அந்தக் களம் அவருக்கு வேண்டும், அதனால்தான். சாமுவேல் புத்தகத்தில் நோய் நின்றதோடு கதை முடிகிறது. அந்த இடம் பிற்பாடு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை இல்லை. நாளாகமத்தில் பலிபீடத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்குகிறது. இதுவே தேவனாகிய கர்த்தருடைய ஆலயம் இருக்கும் இடம் என்று தாவீது அறிவிக்கிறான். பிறகு சாலொமோன் ஆலயம் கட்டியது ஒர்னானின் இந்தக் களத்தில்தான் என்றும், அதுதான் மோரியா மலை என்றும் இரண்டாம் நாளாகமம் 3:1 பெயர் சொல்லிக் காட்டுகிறது. பாழாகித் திரும்பக் கட்டிய ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்த ஒரு சிறு சமூகத்துக்கு இது தல புராணம். களத்தையும் மாடுகளையும் 50 வெள்ளிக்கு வாங்கியதாகச் சாமுவேல் சொல்ல, அந்த "இடத்துக்கு" 600 பொன் கொடுத்ததாக நாளாகமம் சொல்வதை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். ஆபிரகாம் தன் மனைவியைப் புதைக்க வாங்கிய நிலத்துக்கே 400 வெள்ளி கொடுத்தவன். ஆலயத்துக்கு வாங்கிய நிலம் அதைவிட மலிவாகவா இருக்கும்?

இனி, ஏவியது யார் என்ற கேள்வி. எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் வினைச்சொல் ஒன்றேதான். எழுவாய் மட்டும் மாறுகிறது. சாமுவேல் காலத்து எழுத்தில் நன்மையும் தீமையும் கர்த்தரிடமிருந்தே வரும். அதைச் சொல்ல அந்த ஆசிரியர் கூசவில்லை. பிந்திய தலைமுறைக்குக் கூசியது. தானே தூண்டிவிட்டுத் தானே தண்டிக்கும் தெய்வமா? அந்த இடத்தில் நாளாகமம் "சாத்தான்" என்று எழுதுகிறது. அந்தச் சொல்லிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். எபிரேயத்தில் அது முதலில் "எதிராளி" என்ற பொதுப் பெயர். பிலேயாமின் கழுதைக்கு முன்னால் வாளோடு நின்ற கர்த்தருடைய தூதனுக்கே எண்ணாகமம் 22-இல் அந்தச் சொல்தான். சாலொமோனுக்கு எதிராக எழும்பிய ஏதோம் நாட்டு ஆதாதுக்கும் அதே சொல். யோபு புத்தகத்தில் அது பரலோக சபையில் குற்றம்சாட்டும் ஒரு பதவி. நாளாகமத்தில் அது தனிப் பெயராகவே ஆகிவிட்டதா, இல்லை "ஓர் எதிராளி" என்றுதான் பொருளா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும், கர்த்தரின் பெயர் இருந்த இடத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார். தற்செயலாக இப்படி நேராது.

இந்த இடத்தில் நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் செய்ததைச் சொல்லாமல் போக முடியவில்லை. சபைகளில் வழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் சாமுவேல் வசனத்தில், கர்த்தருடைய கோபம் மூண்டது என்று ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் தாவீது "ஏவப்பட்டான்" என்று வருகிறது. யாரால்? வாக்கியம் வாயைத் திறக்காது. எபிரேயத்தில் அது செய்வினை. தமிழில் செயப்பாட்டு வினை. நாளாகமத்துக்கு வந்தால் சாத்தான் தாவீதை "ஏவிவிட்டது" என்று செய்வினையில் நேராக இருக்கிறது. ஒரே ஒரு இலக்கண மாற்றத்தில் மோதல் பாதி கரைந்துவிட்டது. மூலம் அறியாமல் தமிழில் மட்டும் படிப்பவருக்கு அங்கே ஒரு பள்ளம் இருந்ததே தெரியாது. மொழிபெயர்ப்பு முரணை உண்டாக்கும் என்று அகஸ்டின் அஞ்சினார். மொழிபெயர்ப்பு முரணை மூடியும் வைக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எல்லா மாற்றத்தையும் நாளாகம ஆசிரியரின் கணக்கிலேயே எழுதிவிடவும் கூடாது. அவருடைய வசனத்தில், தூதன் பூமிக்கும் வானத்துக்கும் நடுவே உருவின பட்டயத்தோடு நிற்க, தாவீதும் மூப்பரும் இரட்டு எனும் சாக்குத் துணி உடுத்தி முகங்குப்புற விழும் காட்சி ஒன்று உண்டு. வழக்கமான எபிரேயச் சாமுவேலில் அது இல்லை. அவர் கற்பனையில் சேர்த்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1952-இல் சவக்கடல் ஓரம் கும்ரானின் நாலாம் குகையில் கிடைத்த துண்டுகளில், கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சாமுவேல் சுருளும் இருந்தது. அந்தச் சுருளில் இந்தக் காட்சி இருக்கிறது. அதாவது, அவர் கையில் இருந்த சாமுவேல் பிரதியே நம்முடையதிலிருந்து வேறுபட்டதாக இருந்திருக்கலாம். சேர்த்தார் என்று நாம் பழிபோட்டவர் உள்ளதைத்தான் படியெடுத்திருக்கக்கூடும். ஆசிரியர் மாற்றினார் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் பாடபேதம் பார்த்தாக வேண்டும்.

முரண்களே இல்லாமல் செய்துவிடலாம் என்று முயன்றவர்களும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாகப் பின்னி ஒரே கதையாக்கினார். சிரியாக் திருச்சபைகளில் அது நெடுநாள் ஓடியது. ஐந்தாம் நூற்றாண்டில் தியோடரேட் என்ற ஆயர் தன் மறைமாவட்டத்தில் மட்டும் அதன் பிரதிகள் இருநூறுக்கு மேல் கண்டெடுத்து, அப்புறப்படுத்திவிட்டு, நான்கு தனிச் சுவிசேஷங்களை வைத்தார். எதிர்த் திசையில் போனவர் ஜெர்மனியின் ஒசியாண்டர். 1537-இல் அவர் வெளியிட்ட நூலில், விவரம் மாறினால் அது வேறு சம்பவம் என்று விதி வைத்துக்கொண்டார். அதன் விளைவாக, இயேசு உயிர்ப்பித்த யவீருவின் மகள் ஒருமுறைக்கு மேல் செத்து ஒருமுறைக்கு மேல் உயிர்த்தாள். பாவம், அந்தப் பெண்.

யூத மரபு இந்த விஷயத்தில் கொஞ்சம் நிதானமானது. பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நாலாம் தலைமுறைமட்டும் விசாரிப்பேன் என்கிறது யாத்திராகமம். மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிறது எசேக்கியேல் 18. இதற்கு, ரபீக்களின் விவாதத் தொகுப்பான தால்முத்தில் உள்ள ஒரு விடை வாயடைக்க வைக்கும்: மோசே தீர்ப்பாகச் சொன்னார், எசேக்கியேல் வந்து அதை ரத்து செய்தார். சுற்றி வளைக்கவே இல்லை.

அதே எசேக்கியேல் புத்தகத்தை ஒரு கட்டத்தில் ஒளித்து வைத்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள், அதன் பலி விதிகள் மோசேயின் நியாயப்பிரமாணத்தோடு மோதுகின்றன என்பதால். அனனியா பென் எசேக்கியா என்பவர் மாடியறைக்கு முன்னூறு ஜாடி எண்ணெய் ஏற்றி வைத்துக்கொண்டு, விளக்கெரிய விளக்கெரிய உட்கார்ந்து அந்த மோதல்களைத் தீர்த்தார், அதனால்தான் புத்தகம் தப்பியது என்று தால்முத் சொல்கிறது. ஆனாலும் எல்லாம் தீர்ந்தபாடில்லை. முதல் மாதம் முதல் தேதியில் காளையைக் கொண்டு பாவநிவிர்த்தி செய்யச் சொல்கிறது எசேக்கியேல் 45:18. மாதப் பிறப்பில் காளையைச் செலுத்த வேண்டியது பாவநிவிர்த்திக்கு அல்ல, முழுவதும் எரித்துவிடும் சர்வாங்க தகனபலியாக அல்லவா என்று கேள்வி எழுகிறது. திரும்பி வருவார் என்று யூதர் எதிர்பார்க்கும் தீர்க்கதரிசியைச் சொல்லி, "இந்தப் பகுதியை எலியா வந்து விளக்குவார்" என்கிறார் ரபீ யோகனான். ரவ் ஆஷி, அது எஸ்ராவின் நாளில் செலுத்திய பிரதிஷ்டைப் பலி என்கிறார். தால்முத்தின் அந்தப் பக்கத்தில் இரண்டு பதில்களும் அருகருகே இருக்கின்றன.